இரண்டு மணித்தியாலத் தூரம்

யாழ்ப்பாண நகரிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். அதே நகரிலிருந்து புத்தளமும் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான். வரைபடத்தில் கவராயத்தின் முனையை யாழ்ப்பாணத்தில் ஊன்றி ஒரு வட்டம் கீறினால் இரண்டு ஊர்களும் அந்தக் கோட்டின் மேலேயே வந்து விழும். ஒன்று கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் இருக்கிறது. மற்றது இதே தீவில், இதே கரையோரத்தில், பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்கிறது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் நேரடி விமானம் பறக்கத் தொடங்கியது. சென்னை விமான நிலையம் பலாலியிலிருந்து சுமார் 355 கிலோமீற்றர். இரத்மலானை சுமார் 330. தலைநகருக்கு உள்ள தூரமும் சென்னைக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் குடாநாட்டு மக்கள் பறந்து பார்த்துத்தான் மீளவும் உணர்ந்தார்கள். ஒரு மணித்தியாலம், ஒன்றேகால் மணித்தியாலம் என்று பயண நேரத்தை வியப்போடு சொல்லிக்கொள்கிறார்கள். வியப்பில் தவறில்லை. ஆனால் அந்த வியப்போடு சேர்ந்து இன்னொரு பேச்சும் எழுகிறது. "இப்போது பாதையெல்லாம் திறந்துவிட்டது, தூரம் என்று ஒன்றும் இல்லை, வர விரும்புகிறவர்கள் வரலாம்தானே?" 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை நோக்கியும் இந்தக் கேள்வி நல்லெண்ணத்தோடு கேட்கப்படுகிறது. அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. கேள்விக்குள் இருக்கும் அளவுகோலைத்தான் இங்கு பரிசீலிக்க விரும்புகின்றேன். இரண்டு இடங்களுக்கு இடையில் தூரம் என்று நாம் சொல்வது எதனை? பயண நேரம் குறைந்தால் அந்தத் தூரம் குறைந்துவிடுகிறதா?

தூரத்தை நேரத்தால் அளப்பது மனித குலத்தின் பழைய வழக்கம். அரபிகள் ஒட்டகப் பயணத்தின் நாட்களால் அளந்தார்கள். நபியவர்களின் இஸ்ரா பயணத்தைக் குறைஷியர் மறுத்ததும் இந்த அளவையால்தான்: பைத்துல் முகத்தஸுக்குப் போக ஒரு மாதம், வர ஒரு மாதம், இவர் ஓர் இரவில் போய் வந்தேன் என்கிறாரே என்பதுதான் அவர்களுடைய வாதம். காயல்பட்டினத்து, கீழக்கரை, நாகூர்த் தோணிக்காரர்களுக்கு யாழ்ப்பாணம் ஒரு காற்றின் தூரத்தில் இருந்தது. காற்று வாய்த்தால் அடுத்த கரை, வாய்க்காவிட்டால் காத்திருப்பு. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து மதராசுக்குப் பறந்தது. இலங்கையின் முதல் வணிக விமானமே யாழ்ப்பாணத்தின் வழியாகத்தான் வெளியுலகுக்குப் போயிருக்கிறது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. காலையில் கொழும்பில் ஏறியவர் அன்றைக்கே யாழ்ப்பாணத்தில் இறங்கினார். சோனகத் தெருவில் வீடும் தென்னிலங்கையில் வியாபாரமும் வைத்திருந்த எம்மவர் பலருக்கு இரண்டு ஊர்களும் ஒரே வாழ்க்கையின் இரு அறைகள் போல இருந்தன.

பிறகு என்ன நடந்தது? நிலம் நகரவில்லை. பலாலியும் சென்னையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் தெற்கே கட்டுநாயக்கா வரை தரையால் இறங்கி, அங்கிருந்து வடக்கே 650 கிலோமீற்றர் பறந்து, தன் ஊருக்கு மேற்கால் எங்கோ கடலின் மேலாகக் கடந்து போக வேண்டியிருந்தது. 355 கிலோமீற்றர் ஆயிரத்தை எட்டியது. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது; அது மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். கண்டி வீதி மூடப்பட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவில் படகுகளில் கடந்தார்கள். 1993 ஜனவரியில் அவ்வாறு கடந்தவர்கள் நீரிலேயே கொல்லப்பட்டார்கள். வடக்கை விட்டுப் புறப்படப் புலிகளிடம் 'பாஸ்' எடுக்க வேண்டும். வவுனியாவைத் தாண்ட இராணுவத்திடம் 'பாஸ்' எடுக்க வேண்டும். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். 2002இல் கண்டி வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009இல் யுத்தம் முடிந்த பிறகே மீளத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஒரு மணித்தியாலப் பறப்புக்காக அனுமதிக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களும், பறக்கும் நாளில் விடியற்காலையிலிருந்து சோதனைகளில் நின்றவர்களும் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே கிலோமீற்றர், மணித்தியாலம் ஆகிய இரண்டு அளவைகளுக்கு அப்பால் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதை அனுமதி எனலாம். யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை இடத்தில் கேட்க வேண்டும், மறுத்தால் எங்கே முறையிடலாம் என்பது அந்த அளவை. சமாதான காலத்தில் அது பூச்சியமாக இருப்பதால் எம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த மூன்றாவது அளவை எவ்வளவு நீளமாகலாம் என்பதை இரண்டு திகதிகள் காட்டுகின்றன. உண்மையில் திகதி ஒன்றுதான், வருடங்கள் இரண்டு.

1990 ஒக்டோபர் 30. அந்த மாத நடுப்பகுதியிலேயே சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். மன்னார்த் தீவிலும் ஏனைய இடங்களிலும் கெடு விதிக்கப்பட்டிருந்தது. அன்று காலை யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி மூலம் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். மாற்றுடையும் சில நூறு ரூபாயும் தவிர மற்றதெல்லாம் வழியில் பறிக்கப்பட்டன. காதில் கிடந்த தோடு உட்பட. வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் அந்த இரண்டு வாரங்களில் ஊரற்றவர்களானார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தையும் கற்பிட்டியையும் அடைந்தார்கள்.

1995 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடங்கள். இராணுவம் முன்னேறி வருகையில் வலிகாமத்துத் தமிழ் மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று அதே புலிகள் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி கண்டி வீதியால் பதினாறு, பதினேழு கிலோமீற்றர். பஸ்ஸில் அரை மணித்தியாலம். அன்றிரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் மழையில் நின்றும் நகர்ந்தும் சென்றார்கள். அந்தப் பதினாறு கிலோமீற்றரைக் கடக்கப் பலருக்கு இரவு முழுவதும் போதாமல் மறுநாளும் தேவைப்பட்டது. முதியவர்கள் வழியிலேயே இறந்தார்கள்.

இரண்டு துயரங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சமன்செய்வது என் நோக்கமல்ல. அவை சமமானவையுமல்ல. 1995இல் வெளியேறியவர்களுள் பெரும்பாலானோர் அடுத்த வருடமே திரும்பத் தொடங்கினார்கள். 1990இல் வெளியேறியவர்களுக்கு அந்த அடுத்த வருடம் பல தசாப்தங்களுக்கு வரவில்லை. ஆயினும் ஒரு விடயத்தை இரு சமூகமும் ஒரே திகதியில் கற்றுக்கொண்டன: வீட்டுக்கும் வீதிக்கும் இடைப்பட்ட தூரம் ஓர் அறிவிப்பினால் எல்லையற்றதாக மாறிவிடலாம்.

இனி, எமது பிக்ஹ் நூல்கள் இந்தத் தூரம் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். பயணியின் தொழுகை என்ற பகுதியை நாம் சின்ன வயதில் மத்ரஸாவில் மனனம் செய்துவிட்டு, பெரியவர்களானதும் கட்டுநாயக்காவில் நின்றுகொண்டு "சுருக்கலாமா?" என்று ஒருவரையொருவர் கேட்பதோடு முடித்துக்கொள்கிறோம். அதற்குள் ஆழமான மனித அறிவு இருக்கிறது.

பிரயாணி நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். அதற்கு ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலாத் தூரம் வேண்டும். சுமை ஏற்றிய மிருகம் இரண்டு நாளில் நடக்கும் தூரம் அது. இக்காலக் கணக்கில் எண்பது கிலோமீற்றருக்கு மேல் என்பர் பலர், கணிப்புகள் வேறுபடும். ஹனபிகள் மூன்று நாள் நடை என்பார்கள். அப்படியானால் அந்தத் தூரத்தை ஒரு மணித்தியாலத்தில் கடந்துவிடுகிறவனுக்கு என்ன சட்டம்? களைப்பே இல்லையே! இது விமானம் வந்த பிறகு எழுந்த கேள்வி என்று நாம் நினைக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில், டமஸ்கஸில் வாழ்ந்த இமாம் நவவி தமது மின்ஹாஜிலேயே இதற்கு விடை வைத்திருக்கிறார். கடலும் தரையைப் போலத்தான். கடலில் ஒருவன் அந்த மைல்களை ஒரு சிறு நேரத்துக்குள் கடந்துவிட்டாலும் அவன் சுருக்கலாம் என்பது அவர் கூறும் சட்டத்தின் சாரம்.

ஏன்? களைப்புத்தான் சலுகைக்குக் காரணம் என்றால் வேகம் கூடும்போது சலுகை போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊரைப் பிரிவது, தன் மக்களின் நடுவிலிருந்து நீங்கி இன்னொரு மண்ணுக்குப் போவது என்ற உண்மையையே சட்டம் கணக்கில் எடுத்தது. கடிகாரத்தை அது எடுக்கவில்லை. வேகம் பிரிவை இல்லாமல் செய்வதில்லை என்பதை ஜெட் விமானத்துக்கு எழுநூறு வருடங்களுக்கு முன்பே ஒரு சட்ட அறிஞர் அறிந்திருந்தார்.

அதே நூலில் இன்னும் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஓர் ஊருக்கு இரண்டு பாதைகள். ஒன்று குறுகியது, மற்றது நீண்டது. ஒருவன் பாதுகாப்புக் கருதி அல்லது இலகு கருதி நீண்ட பாதையால் போனால் அவனுக்கு அந்த நீண்ட பாதையே தூரம். வரைபடத்துக் கோட்டைக் காட்டி "நீ இவ்வளவுதானே போனாய்" என்று அவனிடம் கேட்க முடியாது. கட்டுநாயக்காவைச் சுற்றிச் சென்னை போன யாழ்ப்பாணத்தவர்கள் அனைவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். அச்சத்தினால் நீண்டுபோன தூரமும் உண்மையான தூரம்தான் என்று பிக்ஹ் ஏற்கிறது.

மற்றச் சட்டம் நெஞ்சை உலுக்குவது. பயணி என்று ஒருவன் கருதப்படுவதற்கு அவன் புறப்படும்போது சேர வேண்டிய இடம் ஒன்றை நினைத்திருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று தெரியாமல் அலைகிறவன், எவ்வளவு தூரம் அலைந்தாலும், இந்தச் சலுகைக்குரிய பயணி அல்லன். இதை நான் சட்டத் தீர்ப்பாக இங்கு கொண்டுவரவில்லை. அன்றைய நாளில் தொழுதவர்களின் தொழுகை பற்றிப் பேச எனக்குத் தகுதியுமில்லை. ஆனால் 1990 ஒக்டோபர் 30 பிற்பகலில் ஐந்து சந்தியைக் கடந்து போன பெண்களிடமும் குழந்தைகளிடமும் எங்கே போகிறீர்கள் என்று எவராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? வவுனியா என்று ஒரு பெயர் தெரிந்திருக்கலாம். அதற்கு அப்பால்? பயணம் என்ற சொல்லே அவர்களுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் பயணிகளாகக்கூட அனுமதிக்கப்படவில்லை.

ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகுப்பாரில் இறுதியாக வருபவர் இப்னுஸ் ஸபீல், பாதையின் மகன். ஊரில் வீடும் சொத்தும் இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர வழியில்லாததால் இங்கே அவர் ஏழை. இக்கால அறிஞர் சிலர் அகதிகளையும் இந்த வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். காணி உறுதியைப் பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி ஓலைக் குடிசையின் கூரையில் செருகி வைத்திருந்த புத்தளத்து அகதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இல்லை. இல்லாமை வேறு, எட்டாமை வேறு என்று பிரித்து, எட்டாமையையும் இல்லாமையாகவே மதித்த சட்டம் அது.

நாட்டின் சட்டம் அவ்வளவு கருணையோடு தொடங்கவில்லை. இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒரு காணியைப் பத்து வருடங்கள் இடையூறின்றி, எதிரிடையாக ஆண்டுவந்தவர் அதற்கு உரித்துக் கோரலாம். உரிமையாளர் வந்து தடுக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. ஆனால் வர முடியாதபடி பாதை அடைக்கப்பட்டிருந்தால்? அவர் வராத ஒவ்வொரு வருடமும் அவருக்கு எதிராகவே எண்ணப்பட்டது. ஒரே காலம் ஒரு பக்கத்தில் துயரமாகவும் மறுபக்கத்தில் உரித்தாகவும் வளர்ந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம்தான் 1983 மே மாதம் முதல் 2009 மே 18 வரை, யுத்தச் சூழலால் தன் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணலாகாது என்று ஒரு வழி செய்தது. இருபத்தாறு வருடங்களுக்குப் பின்னர் வந்த அறிவு. அதற்குள் எத்தனை காணிகள் கைமாறின, எத்தனை பேர் அரை விலைக்கு விற்றுவிட்டு ஆறுதல் பட்டார்கள் என்பதைச் சோனகத் தெருவில் நடந்து பார்ப்பவர்கள் ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் எம்மவரே அடிக்கடி சொல்லும் ஓர் ஆறுதலையும் நோக்க வேண்டும். 1990 வெளியேற்றத்தை ஹிஜ்ரத்தோடு ஒப்பிட்டு, நபியவர்களும் ஊரை விட்டுத்தான் போனார்கள், திரும்பி வந்து குடியிருக்கவில்லையே என்று சிலர் பேசுகிறார்கள். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையில் நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீற்றர். பலாலிக்கும் இரத்மலானைக்கும் உள்ள தூரம் போலத்தான். எட்டு வருடங்களின் பின் நபியவர்கள் தாம் பிறந்த ஊருக்குள் வெற்றியோடு நுழைந்தார்கள். அங்கு தங்கிய நாட்களில் தொழுகையைச் சுருக்கியே தொழுதார்கள்; பத்தொன்பது நாட்கள் என்பது ஓர் அறிவிப்பு. பிறந்த ஊரில் பயணியாக! உங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று கேட்கப்பட்டபோது, அகீல் தமக்கு வீடு எதையும் மிச்சம் வைக்கவில்லையே என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்கின்றன. அபூதாலிபின் மகன் அகீல் அந்தச் சொத்துக்களை ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார். மதீனாவுக்குப் போன முஹாஜிர்கள் ஹஜ்ஜின் கிரியைகள் முடிந்த பின் மூன்று நாட்களுக்கு மேல் மக்காவில் தங்கவும் கூடாதிருந்தது.

இந்த வரலாறு வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஆறுதல் தரும். தரட்டும். ஆனால் அதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் ஒழுக்கம் இருக்கிறது. முஹாஜிர்களும் தம் வீடுகளிலிருந்து அநியாயமாக வெளியேற்றப்பட்டவர்களே என்று குர்ஆன் கூறுகிறது. அவர்கள் திரும்பிச் சென்று குடியிருக்காதது அல்லாஹ்வுக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தது. குறைஷியர் அதை அவர்களிடம் கேட்டுப் பெற்றிருக்க முடியாது. விட்டுக்கொடுப்பது இழந்தவனுக்கு உரிய செயல். வீட்டை இழந்தவன் "எனக்கு இனி அது வேண்டாம்" என்று சொன்னால் அது பெருந்தன்மை. அதே வார்த்தையை அந்த வீட்டில் இருப்பவன், அல்லது அதை வாங்கி விற்றவன், அல்லது மேடையில் நிற்கும் அரசியல்வாதி சொன்னால் அதற்கு வேறு பெயர்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றைத் தட்டிவிடக் கூடாது. முதலாவது, வேகம் ஒரு பெரும் நன்மை. அதை வெறும் மாயை என்று தத்துவம் பேசித் தள்ளுபவர் தாயின் ஜனாஸாவைத் தவறவிட்டிராதவராக இருக்க வேண்டும். எமது மையித்து காத்திருப்பதில்லை. இயன்றளவு விரைவாக அடக்குவதே எமது வழக்கம். ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையில் சுமார் 14,000 கிலோமீற்றர். இடையில் எங்காவது இறங்கி மாறி, ஏறத்தாழ ஒரு முழு நாள். மகன் புறப்படும் முன்பே கபுர் மூடப்பட்டிருக்கும். அவனுக்காகத்தான் ஷாபிஈ மத்ஹப் மறைவான ஜனாஸாத் தொழுகையை அனுமதித்திருக்கிறது போலும். திருச்சியிலிருக்கும் மகனோ லுஹருக்கு முன் கேள்விப்பட்டு, விமானமும் கிடைத்தால், அஸருக்கு வந்து தன் கையால் மண் போடலாம். ஒரு மணித்தியாலம் என்பது அவனுக்கு வெறும் எண்ணல்ல. பலாலி ஓடுபாதையை வேண்டாமென்று எவரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, முப்பத்தைந்து வருடம் கடந்துவிட்டது என்ற வாதம். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே ஊர். அவர்கள் யாழ்ப்பாணம் வரப்போவதில்லை. பிறகு ஏன் இந்தப் பேச்சு? அவர்களில் பலர் வரமாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வர விரும்பாமை வேறு, வர முடியாமை வேறு. வாசல் திறந்திருக்கும்போது உள்ளே போகாமல் நிற்பவன் ஒரு முடிவை எடுத்தவன். பூட்டிய கதவின் முன் நிற்பவனைப் பார்த்து "இவனுக்கு உள்ளே வர விருப்பமில்லை" என்று எவரும் சாட்சி சொல்ல முடியாது. போகாமல் இருப்பது ஒருவருடைய சொந்த முடிவாக ஆகும்போதுதான் அவருக்கும் அவருடைய ஊருக்கும் இடைப்பட்ட தூரம் முடிவடைகிறது என்று நான் கருதுகின்றேன். அதுவரை பயண நேரத்தைச் சொல்லிக் காட்டுவது, கடக்க வேண்டிய பொறுப்பு முழுவதையும் வெளியேற்றப்பட்டவனின் தோளில் ஏற்றுவதாகவே முடியும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் தரப்பு இந்த வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தது. அந்த வார்த்தை முக்கியமானது. எனினும் வருத்தம் என்பது புறப்படும் இடம்தான், சேருமிடமல்ல. உறுதியைத் தேடித் தரும் எழுதுவினைஞர், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் அதிபர், எல்லைக்கல் இருந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும் அயல்வீட்டார், பதிவுக்கு வருகிறவரை "நீங்கள் புத்தளம்தானே" என்று திருப்பி அனுப்பாத கிராம சேவகர் ஆகியோரின் கைகளில்தான் மிச்சத் தூரம் இருக்கிறது.

இதைத் தமிழ்ச் சகோதரர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பலாலி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மண்ணே அதற்குச் சாட்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த அந்த ஓடுபாதையைச் சூழ்ந்த பலாலி, வயாவிளான், மயிலிட்டி, கட்டுவன் மக்கள் 1990இல் எழும்பினார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மல்லாகத்தை அண்டிய கோணப்புலம் போன்ற முகாம்களில் அவர்கள் கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். அங்கிருந்து அவர்களுடைய கிணற்றடி சைக்கிள் மிதிக்கும் தூரம். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. வேலிக்கு அப்பால் இன்னும் திரும்பிக் கிடைக்காத காணிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து வரும் பயணி ஒன்றேகால் மணித்தியாலத்தில் இறங்கும் தரைக்குப் பக்கத்தில், சில கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க முப்பத்தைந்து வருடங்களாகக் காத்திருக்கும் ஒருவருடைய பனங்காணி இருக்கிறது. அந்தக் காணிக்காரரிடம் போய், விமான நிலையம் வந்துவிட்டதால் தூரம் இல்லாமல் போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன முகத்தோடு பார்ப்பாரோ அதே முகத்தோடுதான் புத்தளத்து முதியவரும் பார்க்கிறார். இவர்கள் இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால், எங்கள் மேடைகள் முப்பது வருடத்தில் பேசி முடிக்காத பல விடயங்கள் ஒரு தேநீர் நேரத்தில் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிக்ஹ் நூல்களில் பயணம் எப்போது முடிகிறது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. ஒருவன் தன் வதனை, தன் ஊரை, அடைந்ததும் அது முடிகிறது. அல்லது வேறோர் ஊரில் தங்கிவிட முடிவுசெய்ததும் முடிகிறது. சலுகை நீங்கி நான்கு ரக்அத்தும் அவன் மேல் முழுமையாக வந்து சேர்கிறது. இன்று புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து, இரண்டு நாள் காணி விடயமாக அலைந்து, பெரிய பள்ளிவாசலில் லுஹருக்கு நிற்கும் ஒருவர் இரண்டு தொழுவதா நான்கு தொழுவதா என்று ஆலிமிடம் கேட்கிறார். ஆலிம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஊர் எது? அதற்கு அவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லும் நிலையை உண்டாக்குவது ஆலிமின் வேலையல்ல. அது யாழ்ப்பாணத்தில் இன்று வாழும் ஒவ்வொருவரின் வேலை. அவர் புத்தளம் என்று சொன்னாலும் சரி, யாழ்ப்பாணம் என்று சொன்னாலும் சரி. சொல்வது அவராக இருக்க வேண்டும்.